கவனம் நானா காட்டிய காணிகள்

காணியை விற்கக் கூடாது என்பதற்காகவே காணித் தரகர் ஆன மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் கற்பிட்டியில் இருந்த கவனம் நானா. நானா என்றால் அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். பள்ளிவாசல் பதிவில் அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தெரியாது. "கவனம்" என்ற சொல் இல்லாமல் அவர் வாயிலிருந்து ஒரு வசனமும் வெளியே வராது. தேநீரை நீட்டினால், "கவனம் சேர், சுடும்." ஐஸ்கிறீமை நீட்டினால், "கவனம் சேர், பல்லுக் கூசும்."

சண்டை முடிந்து, சோதனைச்சாவடிகள் எழும்பிப் போன காலம் அது. டொல்பின் பார்க்கவும், பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கவும் வெள்ளைக்காரர் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஹோட்டல்காரர் வந்தார்கள். ஹோட்டல்காரருக்குப் பின்னால், நேற்றுவரை மீனும் வெங்காயமும் விற்ற எல்லாரும் காணித் தரகர் ஆனார்கள்.

நான் அப்போது புத்தளத்தில் ஓர் அரச அலுவலகத்தில் இலிகிதர். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவன். சண்டை முடிந்தும் பயம் முடியவில்லை. ஓய்வு பெறுகிற நாள் கிட்டிக்கொண்டிருந்தது. பெற்றதும் அரச விடுதியை விட்டு எழும்ப வேண்டும். எழும்பி எங்கே போவது?

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கொழும்பில் மகளின் ஒன்பதாம் மாடி வீடு. லிப்டுக்குள் கால் வைத்ததும் கண்ணை மூடித் தேவாரம் சொல்கிறவன் நான். மற்றது, என் மனைவியின் ஆசை. கடல் தெரிகிற ஒரு துண்டுக் காணி, அதில் சின்ன வீடு, உல்லாசப் பயணிகளுக்கு விட ஓர் அறை. அவள் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். எதற்கும் பயப்படாதவள். என்னைக் கட்டிக்கொண்டதே அதற்கு அத்தாட்சி.

முதல் காணி குறிஞ்சிப்பிட்டிப் பக்கம். மோட்டார் சைக்கிளில் முன்னே வந்த நானா இறங்கிய பிறகும் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. எங்களுக்கும் ஆளுக்கொன்று நீட்டினார்.

"நாங்கள் ஆட்டோவிலதானே வந்தனாங்கள்?" என்றாள் டீச்சர்.

"ஆட்டோவுக்கு இல்ல டீச்சர், தென்னைக்கு. மேல பாருங்க. வாணாம், வாணாம், பாக்காதீங்க! பாக்கக்குள்ளதான் விழும்."

மூன்று பேரும் ஹெல்மெட்டோடு தென்னந்தோட்டத்தில் நின்றோம். எனக்கு அது வெட்கமாகவே இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வேலிக்கு அப்பால் நாலைந்து கட்டாக்காலிக் கழுதைகள் நின்றன. நானா என் கையைப் பிடித்தார். "கவனம் சேர். முன்னால போனா கடிக்கும். பின்னால போனா உதைக்கும்."

"அப்ப எங்க நிக்கிறது நானா?"

"அதுதான் சேர், இந்தக் காணி வாணாம் எண்டு சொல்றன்."

காணிச் சொந்தக்காரர்கள் இவரை ஏன் அடித்துத் துரத்தவில்லை என்று அவர்களிடமே விசாரித்திருக்கிறேன். நானா பயங்காட்டியும் ஒருவன் வாங்கினானென்றால், பிறகு ஒரு நாளும் குறை சொல்லிக்கொண்டு வாசலுக்கு வரமாட்டானாம். அப்படி எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இனித்தான் வரோணும்" என்றார்கள்.

அவரிடம் இன்னொரு முறையும் இருந்தது. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில்தான் காணி காட்டுவார். மற்றத் தரகர்கள் கடல் குளம்போலக் கிடக்கிற மாதங்களில் ஆட்களைக் கூட்டிவந்து மயக்கி முற்பணம் வாங்குவார்கள். நானாவோ மத்தியானச் சோற்றுப் பார்சலோடு வரச் சொல்வார். காணியின் நடுவில் இருத்தி, பார்சலை அவிழ்க்கச் சொல்வார். அடிக்கிற காற்றில் மணல் வந்து கறிக்குமேல் தூவும். அதை முழுதாகச் சாப்பிட்டு முடித்தவனுக்குத்தான் காணி. குறிஞ்சிப்பிட்டியில் எனக்கு மூன்றாம் வாயோடு ஒரு பல் ஆடத் தொடங்கியது.

இரண்டாவது காணி கடலோடு ஒட்டியது. சோற்றை அவிழ்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. பட்டத்தில் தொங்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் அலையிலிருந்து எழும்பி எங்கள் பக்கம் பறந்து வந்தார்.

"கயிறு சேர், கயிறு!" என்று கத்திய நானா என்னை மணலில் தள்ளி மேலே விழுந்தார். நான் பார்சலுக்கு மேல் விழுந்தேன். மீன் குழம்பு சட்டை முழுதும் பரவியதை இரத்தம் என்று நினைத்து நான் போட்ட சத்தத்தில், பட்டக்காரர் பதறிக் கீழே இறங்கி ஓடி வந்தார். நல்ல மனிதர், "ஓகே? ஓகே?" என்று கேட்டார். காணி வாங்கத்தான் வந்துவிட்டார் என்று நானாவுக்குப் பயம். மணலுக்குள் முகத்தை வைத்தபடியே, "நோ சேல்! நோ சேல்!" என்றார்.

மூன்றாவது, தலவிலைப் பக்கம். அமைதியான இடம். கத்தோலிக்கக் கோயில் தூரத்தில் தெரிந்தது. டீச்சருக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது.

"இப்ப அமைதிதான். திருநாள் வரட்டும்," என்றார் நானா. "நாட்டுல பாதிச் சனம் உங்கட வளவுலதான் அடுப்பு மூட்டும். குசினிக்குள்ள வந்து உப்புக் கேக்கும்."

"கேக்கட்டும், குடுக்கிறன்."

"டீச்சர், கிணத்தடியில வரிசை நிக்கும்!"

"நிக்கட்டும். நல்ல சனந்தானே."

டீச்சருக்குப் பயங்காட்ட முடியாது என்று கண்டதும் நானா என் பக்கம் திரும்பினார். "சேர், கக்கூசுக்கும் வரிசை நிக்கும்."

நான் அந்த இடத்திலேயே தலவிலையைக் கைவிட்டேன்.

வீடு திரும்பும்போது ஆட்டோவுக்குள் டீச்சர் பேசவேயில்லை. அவள் பேசாமலிருப்பது கழுதையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும்விட ஆபத்தானது. விடுதிக்கு வந்ததும் சொன்னாள். "இஞ்சாருங்கோ. அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. நீங்கள் அவருக்கு அண்ணன். வாற சனிக்கிழமை கடைசி. அண்டைக்கு ஒரு காணி முடிவாகாட்டி மகளிட்டப் போறம். பேந்து லிப்ட் எண்டு அழக் கூடாது."

அந்தக் கிழமை நான் நித்திரை கொண்டதாக நினைவில்லை. கண்ணை மூடினால் கடல் மேலே வந்தது. திறந்தால் லிப்ட் கீழே போனது.

சனிக்கிழமை எங்களைக் கண்டதும் நானா திகைத்துப்போனார். "இவ்வளவு சொன்னதுக்குப் பொறகும் வந்தீங்களா? பயமில்லியா சேர்?"

"பயந்தான் நானா. ஆனா கொழும்பு இதைவிடப் பயம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளைத் திருப்பி, கடலை நோக்கிப் போகிற ஒரு மணல் பாதையில் விட்டார்.

பாதை முடிந்த இடத்தில் ஒரு சிறிய கல்வீடு இருந்தது. தகரக் கூரைக்கு மேலால் பழைய மீன்வலையும் வள்ளக் கயிறுகளும் போட்டு, நுனிகளில் மணல் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. கூரையைக் கைது செய்து வைத்திருந்தாற்போல் இருந்தது. நானாவின் வீடு. பக்கத்தில் வெறுங்காணி ஒன்று கிடந்தது.

"இது என்ட வாப்பாட காணி. இன்னும் ஒருத்தருக்கும் காட்டல்ல," என்றார்.

"ஏன்?" என்றேன்.

"மனிசி மௌத்தாகினதுக்குப் பொறகு நான் தனியத்தான் பயப்படுறன் சேர். காத்து எழும்பினா சொல்ல ஒரு ஆளில்ல. பக்கத்துக் காணிக்கு யாரையாவது கொண்டு வரோணும் எண்டுதான் இந்தத் தொழிலுக்கே வந்தன். வாறவன்ல ஒருத்தன் பயமே இல்லாம சிரிக்கிறான். அவன வெச்சி என்ன செய்ய? என்ட கூரை பறந்தா போட்டோ எடுப்பான். மத்தவன் பயந்து ஓடிப்போறான். பயந்து பயந்து திரும்பி வந்த ஆள் நீங்க மட்டுந்தான்."

டீச்சர் நெற்றியில் கை வைத்தாள். "ஒருத்தரை வச்சுக்கொண்டு நான் படுற பாடு போதாதே, கடவுளே?"

ஆனாலும் பாயை விரித்து முதலில் உட்கார்ந்தவள் அவள்தான். பார்சல்களை அவிழ்த்தோம். நானா தன் பங்குக்குக் கணவாய்க் கறி கொண்டுவந்தார். கடல் பக்கம் அவருடைய வீடு குறுக்கே நின்றதால், காற்று சுற்றிக்கொண்டுதான் எங்களிடம் வர வேண்டியிருந்தது. மணல் விழாமலில்லை, அளவாக விழுந்தது. நான் பயந்து பயந்து மென்றேன். நானா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை எழுதுகிற பிள்ளையின் தகப்பன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். கடைசிக் கவளம் உள்ளே போனதும், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னவர் அவர்தான்.

வீடு கட்டினோம். டீச்சர் அறையை வெள்ளைக்காரருக்கு விட்டாள். நானும் நானாவும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒழுங்காகப் பயப்பட்டோம். கடலில் கறுப்பாக ஒரு முகில் தெரிந்தால், "சேர், கண்டீங்களா?" என்பார். "கண்டன் நானா, எனக்குப் பயமாக் கிடக்கு" என்பேன். "எனக்கும்" என்பார். இருவருக்கும் உடனே பாதி சரியாகிவிடும். எங்கள் கூரையிலும் வலை ஏறியது. விருந்தினர் அதை உள்ளூர் அலங்காரம் என்று நினைத்துப் படம் பிடித்தார்கள்.

போன வருஷம் நானா மௌத்தாகிவிட்டார். தேங்காய் விழவில்லை, கடல் ஏறவில்லை, கழுதை உதைக்கவில்லை. இலைகூட அசையாத ஒரு மத்தியானம், கட்டிலில் படுத்தவர் எழும்பவில்லை. எல்லாவற்றுக்கும் எங்களை எச்சரித்த மனிதர் இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

மகள் கிழமைக்கு ஒரு தடவை போனில் கோல் எடுக்கிறாள். "அப்பா, உங்களுக்குத்தானே கடலெண்டாப் பயம். இனியென்ன, இஞ்ச வாங்கோவன்." பயந்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த சோழகம் தொடங்கப் போகிறது. நானாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது. கூரையில் இரண்டு மூட்டைகள் உக்கி மணல் கொட்டுகின்றன. நாளைக்கு மாற்ற வேண்டும். நானும் போய்விட்டால், அந்த வீட்டுக்காகப் பயப்பட யார் இருக்கிறார்கள்?