ஆட்டிசம் ஆட்டினம் ஆன விவரம்

இயேசு மரி சூசை துணை

ஆம்பூர்,
9.8.85, வெள்ளி

சென்னைக் கோட்டையில் செக்‌ஷன் ஆபீசராக வீற்றிருக்கும் மரியாதைக்குரிய மச்சான் இருதயராஜ் அவர்களுக்கு, தங்கை புருஷன் தேவசகாயம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கை அமிர்தவள்ளியும், குழந்தை ஜெயசீலியும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். அக்காவின் முழங்கால் வலி பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இந்தத் தாளில் இடம் மிஞ்சினால் கடைசியில் விசாரிக்கிறேன். முதலில் என் தலைவலியைக் கேளுங்கள்.

விஷயம் இதுதான். எங்கள் சங்கத்து பைல் சுகாதார இலாகாவிலிருந்து கால்நடை இலாகாவுக்குப் போய்விட்டது. அதை நீங்கள் எப்பாடு பட்டாவது திருப்பிக் கொண்டுவர வேண்டும். எப்படிப் போனது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஜெயசீலிக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், பேச மாட்டாள், சோறு வெள்ளையாக இருந்தால்தான் தொடுவாள், சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே சுற்றுவாள் என்பது நீங்கள் அறிந்ததுதான். வேளாங்கண்ணியில் மொட்டை, தர்காவில் தாயத்து, ஏலகிரி மலையில் பச்சிலை என்று சாமிக்கும் ஆசாமிக்கும் பாக்கி வைக்காமல் எல்லாம் செய்து பார்த்தோம். போன வருஷம் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அரை நாள் தரையில் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துவிட்டு, இது பைத்தியமும் இல்லை, சாபமும் இல்லை, ஆட்டிசம் என்று பெயர், பிறவியிலேயே வருவது, பொறுமையாகப் பழக்கினால் நிறையக் கற்றுக்கொள்வாள் என்றார். பஸ் ஆம்பூர் வரும்வரை உங்கள் தங்கை ஜெபமாலையை உருட்டிக்கொண்டு அந்த வார்த்தையையே சொல்லிக்கொண்டு வந்தாள், மறந்துவிடக் கூடாதாம். “பேர் இருக்குதுங்க. பேர்னு ஒண்ணு இருந்தா நம்ம பொண்ணு மாதிரி இன்னும் நாலு பேர் இருப்பாங்கல்ல” என்றாள்.

இருந்தார்கள். வாணியம்பாடி முனவ்வர் பேகத்தின் மகன் ஒருவன், அப்புறம் மூன்று குழந்தைகள். ஐந்து குடும்பமும் கூடி ‘ஆட்டிசப் பெற்றோர் சங்கம்’ ஆரம்பித்தோம். எனக்கு மீசை பெரிது என்பதால் என்னைத் தலைவர் ஆக்கினார்கள். முனவ்வர் பேகத்தின் வீட்டுக்காரர் தோல் வியாபாரி. அவருடைய குடோன் காலியாக இருந்ததால் சனிக்கிழமைதோறும் அங்கே வகுப்பு. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி நாங்களேதான் டீச்சர். நான் பாக்டரியிலிருந்து வெட்டுத் துண்டுகளைக் கொண்டுபோய்க் கொட்டுவேன். தோல் ரகம் பிரிக்கிற செலக்‌ஷன் செக்‌ஷனில் எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், என் கண்ணுக்குத் தப்பி ஒரு தோலும் போனதில்லை. அந்தக் குவியலில் நான் பார்ப்பது நாலு பிரவுன். ஜெயசீலி ஏழு பிரவுன் பிரிக்கிறாள். தப்பு செய்கிறாள் என்று நினைத்து ஒரு துண்டை நான் இடம் மாற்றினேன். திரும்ப எடுத்து வைத்தாள். வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். அவள்தான் சரி. மற்ற நாளெல்லாம் மூலையில் சுவரைப் பார்த்து உட்காருகிறவள், அந்த ஒரு நாள் நாலு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருகிறாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மச்சான் இவ்வளவு பேஜாரும்.

பக்ரீத் வருகிறது. வந்தால் லோடு லோடாகத் தோல் வந்து குடோன் கூரை வரைக்கும் ரொம்பிவிடும். வகுப்புக்கு வேறு இடம் கிடைக்காவிட்டால் அத்தோடு சரி. இதை முன்கூட்டியே யோசித்துத்தான் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் ஒரு ரூமைக் கேட்டு, சுகாதாரத்தின் பெரிய ஆபீசுக்கு நடந்தேன். ஆபீசின் பெயரை எழுதவில்லை, உங்கள் உத்தியோகத்துக்கு ஆகாது.

அங்கே முதலில் இருந்த அதிகாரி தங்கமான மனுஷர். ஆட்டிசம் என்ற வார்த்தையைக் கேட்டு எழுதிக்கொண்டார், குடோனுக்கே வந்து பார்த்தார், “அடுத்த வாரம் ஆர்டர் வந்துடும் தேவசகாயம்” என்றார். சொன்னபடியே அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. அவரை ராமநாதபுரத்துக்கு மாற்றி.

இரண்டாவதாக வந்தவர் தலை நிமிராமலே, “இதுக்கு டார்கெட் எவ்ளோ?” என்றார். நான் முழித்தேன். “ஆபரேஷனுக்கு டார்கெட் இருக்குது, மலேரியாவுக்கு இருக்குது. இதுக்கு மேலிடத்துலேர்ந்து டார்கெட் வந்துச்சா?” என்றார். வரவில்லை என்றேன். “அப்ப இந்த ஜில்லாவுல அந்த வியாதியே இல்ல” என்று பேனாவை மூடிவிட்டு, “உங்களுக்கு எத்தினி குழந்தைங்க?” என்றார். ஒன்று என்றதும் முகம் மலர்ந்து, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து வெளியே வரிசையில் நிற்கச் சொன்னார். ரூம் சாவிக்கான வரிசை என்று நினைத்து முக்கால் மணி நேரம் நின்றேன். முன்னால் நின்ற ஆள், “பக்கெட் குடுப்பாங்களா, டிரான்சிஸ்டரா அண்ணே?” என்று கேட்டபோதுதான் அது குடும்பக் கட்டுப்பாடு வரிசை என்று உறைத்தது. ஓடி வந்த வேகத்தில் குடை அங்கேயே தங்கிவிட்டது. இன்னும் போய்க் கேட்கவில்லை, பயமாக இருக்கிறது.

மூன்றாவது ஆள் படித்தவர். அதுதான் கஷ்டம். இந்தத் தடவை உங்கள் தங்கையையும் குழந்தையையும் கூட்டிப் போனேன். எந்தக் காலத்துப் புஸ்தகமோ, அதைப் பிரித்து வைத்துக்கொண்டு ஜெயசீலியைக் காட்டி, “இது பேசுமா?” என்று கேட்டுவிட்டு, “பெத்தவ பாசமா இல்லாட்டி இப்டித்தான் ஆகும்” என்றார். உங்கள் தங்கை அவ்வளவு நேரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தாள். முழுவதையும் எழுதினால் தபாலில் சேர்க்க மாட்டார்கள். சுருக்கம் இது: “உங்க ஆபீஸ் கூடத்தான் சார் கூப்ட்டா திரும்பிப் பாக்கறதில்ல. அதைப் பெத்தவங்க யாரு?”

அவர் சிவந்துபோய், “சேர்க்க வேண்டிய எடத்துல சேர்த்துட்டு நிம்மதியா இருங்க. ரூம் வேணும்னா தமிழ்ல மனு எழுதிக் குடுங்க, இப்ப எல்லாம் ஆட்சிமொழி” என்றார். யோசித்துப் பாருங்கள் மச்சான். நாற்காலி அதே நாற்காலி, என் மகளும் அதே மகள். உட்காருகிற ஆள் மாறினால் ஒரு மாசம் குழந்தையாக இருக்கிறாள், அடுத்த மாசம் ஜில்லாவிலேயே இல்லாமல் போகிறாள், அதற்கடுத்த மாசம் தாய் செய்த குற்றம் ஆகிறாள்.

சரி என்று தமிழில் எழுதினேன். ‘எங்கள் ஆட்டிசக் குழந்தைகள் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, கூட்டத்தோடு சேர்வதில்லை, தீனியில் விருப்பு வெறுப்பு ஜாஸ்தி, நின்ற இடத்திலேயே சுற்றுகிறார்கள், ஆகவே தனி இடம் தேவை.’ தீனி என்று எழுதியது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தபால் பிரிக்கும் செக்‌ஷனில் ராஜகோபால் என்று ஒரு கிளார்க், தமிழ்ப் பற்றுள்ளவர், பிழை கண்டால் கை சும்மா இருக்காது. ஆட்டிசம் என்ற வார்த்தையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. வந்திருப்பது ஆம்பூர் பக்கம். ஆம்பூர் என்றால் தோல், தோல் என்றால் ஆடு. சிவப்பு மையை எடுத்து ‘ச’வை அடித்து ‘ன’ போட்டு, ஆட்டினம் ஆக்கிவிட்டார். அதோடு விட்டாரா? குழந்தைகளைக் குட்டிகள் ஆக்கி, சுற்றுகிறார்களைச் சுற்றுகின்றன ஆக்கி, பைலைக் கால்நடைக்குத் தள்ளிவிட்டார். போய்க் கேட்டால், “ஆட்டுக்கு அஃறிணை விகுதிதானே சார் வரும்?” என்கிறார். பள்ளிக்கூடத்தில் எனக்கு இலக்கணம் வராது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் நடுவில் ஒரு சிவப்பு மைப் பேனாதான் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கால்நடை ஆபீசிலிருந்து நேற்று பதில் வந்தது. மச்சான், அந்த வேகம் சுகாதாரத்தில் கிடையாது, பத்தே நாள். ‘மனுவில் கண்ட அறிகுறிகள் மூளையில் புழுக்கட்டியைக் குறிக்கலாம். பாதிக்கப்பட்டவற்றை மந்தையிலிருந்து பிரிக்கவும். குணமடையாதவற்றை வைத்துக்கொள்வதால் பலனில்லை, கழித்துவிடவும்.’ படித்துவிட்டு நான் முதலில் சிரித்தேன். உங்கள் தங்கை சிரிக்கவில்லை. “அந்த மூணாவது ஆபீசர் சொன்னதும் இதே தானே. அவரு வேற வார்த்தையில சொன்னாரு” என்றாள். நேற்று முழுக்க அவள் சாப்பிடவில்லை, எனக்கும் இறங்கவில்லை.

ஆகவே நீங்கள் கோட்டையில் நாலு பேரைப் பார்த்து, அந்தப் பைலைத் தேடிப் பிடித்து, ‘ன’வை அடித்து ‘ச’ போட்டு, சுகாதாரத்திலேயே சேர்ப்பித்து, பக்ரீத்துக்குள் ரூமை வாங்கித்தர வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் எனக்கு மச்சான் இல்லை என்று உங்கள் தங்கை சொல்லச் சொன்னாள். எப்படி என்று எனக்கும் புரியவில்லை.

உங்களுக்கு என் வந்தனமும், அக்காவுக்கு எங்கள் அன்பும், பிள்ளைகள் தலையில் ஆண்டவர் கையும். முழங்காலை விசாரிக்க இடமில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையோடு குடித்தனம் செய்து வரும்
தேவசகாயம்

பின்குறிப்பு (11.8.85, ஞாயிறு): கடிதத்தைப் பெட்டியில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று, இன்னொரு தாள் சேர்த்து எழுதுகிறேன். நேற்று சனிக்கிழமை வகுப்பு நடக்கும்போது குடோன் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கயிறு, மருந்து டப்பா, காம்பவுண்டர் சகிதம் வெட்னரி டாக்டர் நசீர் அகமது இறங்கி, “ஆடுங்க எங்க?” என்றார். “ஆடு பக்ரீத்துக்குத்தான் சார் வரும். இப்ப புள்ளைங்கதான்” என்றார் முனவ்வர் பேகம். மனுஷர் உள்ளே பார்த்தார். மனுவை எடுத்து ஒரு தடவை படித்தார், மறுபடி பிள்ளைகளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஜெயசீலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கூப்பிடவில்லை, தொடவில்லை. ஒரு துண்டை எடுத்து ஒரு குவியலில் வைத்தார். அவள் அதை எடுத்து வேறு குவியலில் வைத்தாள். அப்படியே அரை மணி நேரம். அப்புறம் என்னிடம், “இவங்க பேர் இன்னா சார்?” என்றார். மச்சான், இவங்க என்றார். இத்தனை ஆபீஸ் ஏறி இறங்கியதில் இந்த ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். “எங்கிட்ட வர்ற பேஷன்ட் யாரும் எங்க வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னதில்ல. பக்கத்துல உக்காந்துதான் தெரிஞ்சிக்கணும்” என்றார். உங்கள் தங்கை விடுவாளா. “என் பொண்ணு ஆடு இல்ல சார்” என்றாள். “தெரியும்மா. அந்த லெட்டர்ல கையெழுத்து என்னுதுதான். அச்சடிச்ச பாரம், படிக்காம போட்டுட்டேன். மன்னிச்சிக்கங்க” என்றார். அவள் அழுதுவிட்டாள். நான் கொஞ்சம் கம்மியாக அழுதேன்.

வெட்னரி ஆஸ்பத்திரியில் ஆடு வளர்ப்போர் பயிற்சி ஹால் ஒன்று நாலு வருஷமாக ஆள் இல்லாமல் கிடக்கிறதாம். சீலிங் பேன் இருக்கிறது, சுற்றிலும் வேப்ப மரம். ஆட்டினப் பெற்றோர் சங்கம் என்ற பெயரிலேயே அதைத் தர அவருக்கு அதிகாரம் உண்டாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு ஆடாவது வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். உங்கள் தங்கை இன்று பூசை முடிந்த கையோடு சந்தைக்குப் போய் ஒன்றைப் பிடித்து வந்துவிட்டாள். கொல்லையில் கட்டியிருக்கிறது. ஜெயசீலி அதன் முதுகில் கை வைத்து எத்தனை பிரவுன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே மேலே எழுதியது எல்லாம் ரத்து. பைலைத் தேடாதீர்கள். தானாக உங்கள் மேஜைக்கு வந்தாலும் கால்நடைக்கே தள்ளிவிடுங்கள். ஒரே ஒரு உபகாரம். நசீர் அகமதுக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் ஏதாவது அங்கே டைப் ஆகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள். அப்படி டைப் ஆனால், சிவப்பு மையை எடுத்துப் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிவிடுங்கள். அது வேறு யாருக்காவது போய்ச் சேரட்டும்.