எல்லை வீதிக்கு இரண்டு கதவு

தேதிகளை நினைவில் வைத்திருப்பவனை எந்தக் குடும்பமும் விரும்புவதில்லை. யார் எந்த மாதத்தில் கடன் கேட்க வந்தார், யாருடைய பிள்ளை எந்த வகுப்பில் இரண்டு வருடம் இருந்தது என்பதெல்லாம் மறந்துபோனால்தான் சொந்தபந்தம் நிம்மதியாக இருக்கும். நான் மறப்பதில்லை. பொழுதுபோக்காக ஊரின் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவன் என்பதால், மறக்காததைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன்.

ஒரே ஒரு நாளின் தேதியை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை; என் மனைவி வீட்டார் அதை எனக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். (கையில் பழைய கலண்டர் உள்ளவர்கள், கீழே வரும் தடயங்களைக் கொண்டு கண்டுபிடித்துக்கொள்ளலாம். என் வாயால் வராது.)

சுனாமிக்குப் பின் எங்கள் கரையோரத்தில் ஒரு வினோதமான பஞ்சம் வந்தது. படப் பஞ்சம். அலுமாரியோடு அல்பங்களையும் கடல் கொண்டுபோயிருந்தது. உயிரோடிருந்தவர்களை மறுபடியும் படம் எடுக்கலாம். போனவர்களை எப்படி எடுப்பது? ஆகவே, யாருடைய கலியாணப் படத்தின் ஓரத்தில் யார் நிற்கிறார் என்று தேடத் தொடங்கினார்கள். சம்மாந்துறைச் சொந்தக்காரர், கட்டாரில் வேலை செய்யும் மகன், கனடா போன அயலவர் என்று எங்கெங்கோ இருந்து படங்கள் வந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, ஊர் ஊராகப் பிரித்து வைக்க ஒரு சிறிய நிலையம் உருவானது. கல்முனையில் ஒரு கந்தோர், மருதமுனையில் ஒன்று, திருக்கோவிலில் ஒன்று. முறையை அமைத்துத் தந்த வெள்ளைக்காரர், யுத்தம் முடிவதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார். போகும்போது கல்முனைக் கந்தோரின் சாவியையும் 'பொறுப்பாளர்' என்ற பட்டத்தையும் எனக்குத் தந்தார். சாவியைத் தந்தது பிழையில்லை.

அந்த முறையின் அழகைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் அழகு விளங்காது. சேர்வர்கள் மூன்று ஊரில் இருந்தாலும், எந்த ஊரில் எந்தக் கணினியைத் திறந்தாலும் ஒரே வீடுதான் தெரியும். படங்கள் இருப்பது 'வொலியூம்' என்ற அறைகளில். ஓர் அறை உண்மையில் எந்த ஊர்ச் சேர்வரில் இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. வீட்டின் எந்த இடத்தால் அந்த அறைக்குள் நுழைவது என்பதைத் தீர்மானிப்பது 'மவுண்ட் பொயின்ற்'. அதுதான் கதவு. ஓர் அறைக்கு இரண்டு கதவு வைக்கலாம். கதவைக் கழற்றினால் அறை இடிந்துவிடாது. ஆனால் எந்தக் கதவால் உள்ளே போனாலும், அங்கே இருப்பதைத் தூக்கி எறிந்தால் எறிந்ததுதான்.

அவ்வளவே விஷயம். எனக்கு அது நன்றாகத் தெரியும். கொழும்பில் ஒரு மாதப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கந்தோர்ச் சுவரில் மாட்டியிருந்தேன். வந்தவர் போனவருக்கெல்லாம் கதவையும் அறையையும் பற்றி வகுப்பும் எடுத்தேன். தெரியாமல் கெடுப்பவனை மன்னிக்கலாம். நான் வகுப்பெடுத்துவிட்டுக் கெடுத்தவன்.

நான் கொழும்பில் இருந்த அந்த மாதத்தில் கந்தோரில் ஒரு சர்ச்சை வந்தது. மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் நடுவே எல்லை வீதி. மருதமுனைப் பக்கம் முஸ்லிம்களான நாங்கள், பாண்டிருப்புப் பக்கம் தமிழர்களான அவர்கள். கலியாணம், மையத்து அடக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் இரண்டு பக்கமும் சேர்ந்துதான். அந்த வீதியின் படங்களை எந்த ஊரின் கீழ் வைப்பது? மருதமுனைக் குழு எங்களுடையது என்றது. பாண்டிருப்புக் குழு எங்களுடையது என்றது. என்னோடு வேலை செய்த யோகா பாண்டிருப்புக்காரி. என்னைவிடக் கெட்டிக்காரி, அதை மறைக்கும் பழக்கமும் இல்லாதவள். அவள் ஓர் அறை கட்டி, இரண்டு ஊரின் கீழும் ஒவ்வொரு கதவு வைத்துவிட்டாள். இரண்டு குழுவும் தாங்களே வென்றதாக நினைத்துத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். (அறை இருந்தது இரண்டு ஊரிலும் இல்லை, திருக்கோவில் சேர்வரில். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.)

எனக்குத் தொலைபேசியில் விளக்கமாகச் சொன்னாள். நான் அப்போது கொழும்பில் ஒரு பஸ்ஸுக்குள் இடம் தேடிக்கொண்டிருந்தேன். "ஓம், ஓம்" என்றேன். இடம் கிடைத்தது. விளக்கம் தங்கவில்லை.

திரும்பி வந்ததும் என் ஒழுங்கு வெறி தொடங்கியது. ஒவ்வோர் இரவும் அந்த முறை ஒவ்வோர் அறையையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைக்கும். 'நேற்று' என்று பெயரிட்ட சிறு கதவு ஒன்றைத் திறந்தால் முதல்நாள் இருந்தபடி எல்லாம் இருக்கும். எனக்கு அது குப்பையாகத் தெரிந்தது. 'நேற்று' எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பெரிய இடம் மிச்சம் பிடித்ததாக எல்லோரிடமும் சொன்னேன். இடம் ஒரு துளியும் கூடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. வரலாறு எழுதுகிறவன் முதலில் செய்த வேலை, நேற்றைக் கழற்றியது.

அந்த வருடம்தான் எனக்குக் கலியாணம். எங்கள் பகுதி வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். ஆகவே, நான் மாமியின் வீட்டில் புது மருமகன். சாப்பாட்டில் பெரிய துண்டு எனக்கு, எதற்கும் என்னிடம் அபிப்பிராயம் கேட்பார்கள். மாமாவை எனக்குத் தெரியாது. கடல் வந்த நாளில் போனவர். கலியாண வீடுகளுக்கு லைட் எஞ்சினும் குழல் விளக்கும் வாடகைக்கு விட்டவர். ஊரெல்லாம் படம் எடுக்க வெளிச்சம் கொடுத்த மனிதரின் படம் ஒன்றும் வீட்டில் இல்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், நோன்பு தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, என் மனைவி ரிஸானாவின் தங்கை நிஸ்மியாவின் கலியாணம். அதற்கு முந்திய கிழமை யோகா ஒரு படத்தைக் கண்டாள். கனடாவிலிருந்து வந்த ஒருவர் இறுவட்டில் கொண்டுவந்து, ஏற்றிவிட்டுத் திரும்பிப் போன எல்லை வீதிப் படங்களில் ஒன்று. பாண்டிருப்புக் கலியாணப் பந்தல். மணமக்களுக்கு அங்கால, பந்தல் காலடியில், ஒரு மனிதர். "உங்கட மாமா போல இருக்கு. எங்கட பக்கக் கலியாணங்களுக்கும் அவர்தானே லைட் போட்டவர். வீட்டில கேட்டுப் பாருங்க" என்றாள்.

கலியாணத்துக்கு முதல்நாள் பகல், லுஹர் தொழுகைக்குப் பிறகு, மாமியும் ரிஸானாவும் கந்தோருக்கு வந்தார்கள். நிஸ்மியா கையில் மருதோண்டியோடு வீட்டில் இருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்: வாப்பாவின் முகம் தெரிய ஒரு சிறிய படம், நாளைக்கு முன்.

"சுவரில மாட்ட இல்ல மருமகன்" என்றார் மாமி, கதிரையில் அமர்ந்தபடி. "அவள்ட கைப்பைக்குள்ள வச்சிக்கொள்ளத்தான்."

"அஞ்சு நிமிசம் மாமி" என்றேன்.

மருதமுனைக் கதவால் எல்லை வீதிக்குள் போனேன். படத்தைத் திறந்து பார்க்காமலே, பெரிதாக்கிய பிரதி ஒன்றைச் சேமிக்கப் பார்த்தேன். இடமில்லை என்றது கணினி. என்ன இது, அவ்வளவு இடம் மிச்சம் பிடித்தேனே என்று யோசித்துச் சுற்றிப் பார்த்தபோது, பாண்டிருப்பின் கீழும் ஓர் எல்லை வீதி இருந்தது. உள்ளே அதே படங்கள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. (அதாவது, விளங்கவில்லை.) எங்கள் பக்கத்தில் எதுவும் இரண்டுதான். ஒரே சந்தியில் இரண்டு பஸ் தரிப்பிடம், ஒரே தெருவில் இரண்டு வாசிகசாலை, ஒரே மழைக்கு இரண்டு வெள்ள நிவாரணக் குழு. படத்திலும் ஆளுக்கொரு பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஏன் இரண்டு என்று ஒரு தரமாவது கேட்டிருப்பான். எங்களுக்கு ஒன்று மட்டும் இருந்தால்தான் சந்தேகம் வரும்.

அடுத்து செய்தது இன்னும் மோசம். பெருந்தன்மை காட்டினேன்.

"பாத்தீங்களா மாமி, ரெண்டு ஊரும் பிடிவாதத்தில ரெண்டு கொப்பி வச்சிரிக்கி" என்றேன். "நாமதான் விட்டுக்குடுக்கணும். எங்கட ஊர்க் கொப்பிய நான் அழிக்கிறன். பாண்டிருப்பில இரிக்கிறது ரெண்டு பேருக்கும் போதும்."

"நல்ல விசயம்தானே" என்றார் மாமி. மருமகனைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்த கடைசிக் கணம் அது.

எல்லாவற்றையும் தெரிவு செய்து அழித்தேன். இன சௌஜன்யம் பற்றி இரண்டு வசனம் பேசினேன். பிறகு பாண்டிருப்புக் கதவைத் திறந்தேன். வெறுமை. மறுபடி திறந்தேன். இடம் மட்டும் தாராளமாக இருந்தது.

பஸ்ஸுக்குள் கேட்ட விளக்கம் முழுவதும் அப்போதுதான், ஒரு சொல் விடாமல், நினைவுக்கு வந்தது.

"என்ன மருமகன், முகம் ஒரு மாதிரியாப் போச்சு?"

"ஒண்டுமில்ல மாமி. மெசின் கொஞ்சம் யோசிக்குது."

"மெசின் யோசிக்கட்டும். காத்தாடி சுத்தச் சுத்த நீங்க ஏன் வேர்க்கிறீங்க?"

ரிஸானா எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கலியாணமாகிச் சில மாதம்தான், இருந்தும் அந்தப் பார்வையின் அர்த்தத்தை நான் அதற்குள் படித்திருந்தேன்.

'நேற்று' இருந்திருந்தால் என்று நினைத்தேன். அதையும் நானே ஒழித்துவிட்டேனே. மாமாவின் ஒரே படம் மட்டும் இல்லை, எல்லை வீதியின் எத்தனையோ வீட்டாருக்கு மிஞ்சியிருந்த முகங்களும் போய்விட்டன. கடல் ஒரு காலையில் செய்ததை நான் ஒரு விரலால் செய்திருந்தேன்.

யோகாவுக்கு அழைத்தேன். அழைப்பு போனது, யாரும் எடுக்கவில்லை. அன்று ஆடி அமாவாசை. அவள் திருக்கோவிலில், தகப்பனை நினைத்துத் தீர்த்தமாடப் போயிருந்தாள். திரும்பத் திரும்ப அழைத்தேன். மாமி, நான் வாங்கிக் கொடுத்திருந்த சோடாவைக் குடித்து முடித்து, போத்தலை மேசையில் வைத்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எடுத்தாள். பின்னால் மேளமும் கடல் இரைச்சலும்.

"பொறுப்பாளர், இப்பதான் கடலால ஏறினன். தலை கூடத் துவட்டல்ல. என்ன?"

சொன்னேன். மாமிக்குக் கேட்காமல் சொல்லப் பார்த்தேன். மேளச் சத்தத்துக்கு மேலால் கத்த வேண்டியிருந்ததால் கல்முனைச் சந்தைக்கே கேட்டிருக்கும்.

அவள் கேட்டாள்: "'நேற்று' எங்க?"

"அத நான் போன கிழமை அழிச்சிட்டன்."

"அழிச்சயளா, கழட்டினயளா?"

"கழட்டினன். இடம் மிச்சம் பிடிக்க."

"இடம் கூடிச்சா?"

"இல்ல."

"ஏன் கூடல்ல எண்டு யோசிச்சயளா?"

சுவரில் இருந்த சான்றிதழ் பதில் சொல்லட்டும் என்று விட்டேன்.

"கதவத்தானே கழட்டியிருக்கிறயள், பொறுப்பாளர்" என்றாள். சிரிக்கிறாளா என்று மேளச் சத்தத்தில் தெரியவில்லை. "அறைய ஆரு இடிச்சது? நேற்றையான் பிரதி அங்கதான் இருக்கும், போக வழியில்லாம. கதவத் திரும்பப் போடுங்க. போட்டு, எல்லாத்தையும் எல்லை வீதிக்குக் கொப்பி பண்ணுங்க. இரவைக்கு அது புதுப் பிரதி எடுத்திரும், அதுக்குப் பிறகு நேற்று எண்டா வெறும் அறைதான். மறுகா என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்ல."

நான் கட்டளையைத் தட்டத் தொடங்கியபோது அவள் இன்னொன்றும் சொன்னாள், சாதாரணக் குரலில்: "என்ட அப்பாவும் அதுக்குள்ளதான் இருக்கார். கவனமாத் திறங்க."

அதன்பிறகு என் விரல்கள் மிகவும் மெதுவாக வேலை செய்தன. ஒவ்வோர் எழுத்தையும் வாசித்து வாசித்துத் தட்டினேன். கதவு வந்தது. திறந்தேன். நேற்று, நேற்றிருந்தபடியே இருந்தது.

படங்கள் திருக்கோவிலிலிருந்து ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன. மாமி கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். யாருடையவோ குழந்தை, யாருடையவோ தோணி, பரிசளிப்பு விழா ஒன்று. பிறகு பந்தல் வந்தது. மணமக்கள் விறைத்துப்போய் நிற்கிறார்கள். அங்கால, சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர், பந்தல் காலடியில் குந்தியிருந்து, கையில் வயரோடு, யாரோ கூப்பிட்டதால் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறார். நான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். நிஸ்மியாவுக்கும் ரிஸானாவுக்கும் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

மாமி நீண்ட நேரம் பார்த்தார்.

"இந்த மனிசன் எங்க போனாலும் ஒரு வயரோடதான்" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ். கெதியாப் பிரிண்ட் அடிச்சுத் தாங்க மருமகன். நீங்க வேற எதையும் தொட முந்தி" என்றார்.

பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன் படம் வீட்டுக்குப் போய்விட்டது. நிஸ்மியாவின் இரண்டு கையிலும் மருதோண்டி. ரிஸானாதான் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். கையை ஈரம் படாமல் உயர்த்தி வைத்துக்கொண்டு அழுதும் சிரித்தும் அவள் நின்ற கோலத்தை ஒருவரும் படம் எடுக்கவில்லை. (எடுத்திருந்தால் எங்கே வைப்பது என்று இரண்டு ஊரும் கேட்டிருக்கும்.)

'நேற்று' கதவுகளை அன்றே எல்லா இடத்திலும் திரும்பப் போட்டேன். சான்றிதழை அடுத்த நாள் கழற்றினேன். அதைக் கழற்றியதால் ஒன்றும் காணாமற்போகவில்லை. இன்றும் வீட்டில் அலுமாரியை ஒழுங்குபடுத்த எழும்பினால், ரிஸானா குசினியிலிருந்து கேட்பாள்: "கதவா, அறையா? சொல்லிட்டுச் செய்ங்க." ஆடி அமாவாசை தோறும் திருக்கோவிலிலிருந்து யோகா அழைப்பாள். "பொறுப்பாளர், நான் கடலுக்குள்ள இறங்கப்போறன். ஏறுமட்டும் ஒண்டையும் தொடாதீங்க."

மாமியிடம் அந்தக் கதை கிட்டத்தட்ட என் பெயராகவே ஆகிவிட்டது. வீட்டுக்குப் புதிதாக யார் விருந்துக்கு வந்தாலும் என்னைக் காட்டி, "கடல் ஒரு தரம் கொண்டுபோன எங்கட மனிசன ரெண்டாம் தரம் துலைச்சவர் இவர்தான்" என்று அறிமுகப்படுத்துவார். விருந்தாளி சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்ப்பார். அவருக்கு இன்னொரு கரண்டி இறைச்சி போட்டுக்கொண்டே மாமி முடிப்பார்:

"துலைச்சாலும் அசருக்கு முன்ன கொண்டுவந்து தந்திட்டார். கடல் அதச் செய்யல்லயே."