மறைத்துக் காட்டிய மாப்பிள்ளை

கண்ணால் கண்டதை நம்பு என்பார்கள். கண் எதைக் காண்பது, எதை விடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதை ஆராய்ச்சி செய்யப்போய்த்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாகர்கோவிலில் எங்கள் திருச்சபை மண்டபத்தில், சொந்தபந்தங்கள் முன்னால் என் மானம் போனது.

விஷயம் இதுதான். ஒரு படத்தைக் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாகக் காட்டி, உடனே அதே இடத்தில் கட்டம்கட்டமாக வேறொரு படத்தைக் காட்டினால், முதல் படம் வந்ததே யாருக்கும் தெரியாது. பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும்! ஏன் என்பதில் இரண்டு கட்சி. இரண்டாம் படத்தின் அவசரச் செய்தி ஓடிப்போய் முதல் படத்தைப் பாதிவழியிலேயே மறித்துவிடுகிறது என்பது ஒரு கட்சி. அப்படியல்ல, முதல் படம் மூளையின் மேல்மாடிவரை போய்ச் சேர்ந்துவிடுகிறது. மூளை அதைச் சரிபார்க்கத் திரும்பக் கீழே வரும்போது வாசலில் வேறு ஆள் நிற்கிறார், அதனால் முதல் ஆளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது மறு கட்சி. நான் மறு கட்சியின் தீவிரத் தொண்டர். (வழிகாட்டிப் பேராசிரியை எந்தக் கட்சியோ, அதுதானே மாணவியின் கட்சி!)

வாலிபர் கூட்டத்தில் (பேருக்குத்தான் வாலிபர், வருவது மொத்தச் சபையும்) இதைச் செய்துகாட்ட யாருக்கும் அறிமுகமில்லாத ஒரு முகம் தேவைப்பட்டது. என்னிடம் ஒன்று இருந்தது. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். வீட்டில் சொல்லத் தைரியமில்லாமல் நான் மனசுக்குள் வைத்திருந்தவர். அய்யாவழிக் குடும்பம். படத்தில் தலைப்பாகையும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக, அவர்கள் கும்பிடும் பதியின் வாசலில் நின்று சிரிப்பார். எங்களுடையதோ தலைமுறை தலைமுறையாகச் சபையே கதி என்றிருக்கும் வீடு. அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன். ஆனால் மறைக்கும் படம் இருக்கையில் பயம் எதற்கு? ஒத்திகை என்று வாரம் முழுக்க அம்மாவைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து அந்த முகத்தைக் காட்டினேன்.

"ஒண்ணும் தெரியல்லட்டி. ஒரே கட்டம் கட்டமாட்டு வருது."

பெற்ற தாயிடம் மாப்பிள்ளையைக் காட்டியாயிற்று, அவருக்கே தெரியாமல்! (பெரிய புத்திசாலி என்று நினைப்பு.)

மண்டபத்திலும் அப்படியேதான் நடந்தது. முகம் வரும், கட்டம் வரும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. போதகர்கூடக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கடைசியாக இன்னொரு தடவை என்று பொத்தானைத் தட்டினேன். முகம் வந்தது. கட்டம் வருவதற்குள் கரண்டு போய்விட்டது.

ஜன்னல்களை எல்லாம் அடைத்திருந்ததால் கும்மிருட்டு. பெரியம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது.

"ஏட்டி, நாமம் போட்ட அந்தப் பய ஆருட்டி?"

"தலப்பா கெட்டியிருந்தானே!"

"பல்லு நல்ல வரிச, என்ன?"

ஓடி ஒளிய வேண்டிய நேரத்தில் நான் வாயைப் பிளந்து நின்றேன். அதே படம், அதே நொடித்துளி. சற்றுமுன் ஒன்றுமே காணாத அத்தனை கண்களும் இப்போது பல்வரிசைவரை பார்த்துவிட்டன. பின்னால் எதுவும் வரவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். நான் படித்துப் படித்துப் புளித்த விஷயம்தான். ஆனாலும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நம் ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் இத்தனை பெரிய காரியம் சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருக்கிறதே!

"ஆரு அவன்?" என்றார் அப்பா. சொல்லிவிட்டேன். (இருட்டு ரொம்ப உதவி.)

"ஊரு பேரு தெரியாத ஒருத்தனயா..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அம்மா குறுக்கே விழுந்தார்.

"தெரியாதவன்னு சொல்லாதீங்க. இந்த முகம் எனக்கு நல்ல பரிச்சயம். நல்ல பயலாக்கும்."

"எங்க கண்ட?"

"அது ஓர்மையில்ல. ஆனா கண்டிருக்கேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாரம் முழுக்க அம்மா பார்க்காத முகம், அவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்து உறவு கொண்டாடியிருக்கிறது! பிடித்த பிடியை அம்மா விடவில்லை. அப்பா இறங்கிவந்தார்; கல்யாணமும் நடந்தது. அந்த இரண்டு ஆராய்ச்சிக் கட்சிகளின் சண்டைதான் இன்னும் தீரவில்லை.

பிறகு அம்மாவிடம் உண்மையை விளக்கிப் பார்த்தேன். "சும்ம கெடட்டி. கோட்டாறு சந்தையில மட்டிப்பழம் வாங்கிட்டு நின்னான், நான் கண்டேன்" என்று இப்போது இடமும் சொல்கிறார். வீட்டுக்கு யார் விருந்து வந்தாலும் இந்தக் கதை உண்டு. அந்தச் சந்தைப் பக்கமே போயிராத என் கணவர் முதலில் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தார். போன வாரம் அவரே எடுத்துக்கொடுத்தார்:

"ஆமா மாமி, அண்ணைக்கு நீங்க பச்ச சேல உடுத்திருந்தீங்க."