ஃபோ பா அண்ணாச்சி

சிவகாசியில் ஃபோ பா அண்ணாச்சியிடம் அவமானப்படாதவர் யாராவது இருந்தால், அவர் அன்றைக்கு ஊரில் இல்லை என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் அச்சடிக்கும் எங்கள் பிரஸ்ஸில் அவர் புரூஃப் பார்ப்பவர். தாளைத் திருத்தியது போதாதென்று ஆட்களையும் திருத்துவார்.

பட்டம் வந்த கதை இது. காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்த பாண்டிச்சேரிக்காரரிடம், பக்கத்தில் நின்ற அம்மாளைக் காட்டி, "உங்க அம்மாவாண்ணே?" என்று விசாரித்திருக்கிறார். அந்த அம்மாள் அவருடைய மனைவி. அந்த நல்ல மனிதர் கோபப்படவில்லை. இதற்கு பிரெஞ்சில் 'ஃபோ பா' என்று பேர், தப்படி என்று அர்த்தம், நாலு பேர் நடுவில் தெரியாமல் மரியாதை தவறுவதைச் சொல்வார்கள் என்று விளக்கிவிட்டுப் போனார். அண்ணாச்சிக்கு வெட்கமே வரவில்லை. இத்தனை நாள் பேரில்லாமல் செய்துவந்த காரியத்துக்குப் பேர் கிடைத்த சந்தோஷம்தான்.

அதிலிருந்து யார் தவறினாலும் ஆள்காட்டி விரலை உயர்த்தி, "ஃபோ பா" என்பார். இருக்கன்குடி கோயிலுக்குக் கிளம்பியவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டவருக்கு ஒன்று. பத்திரிகையில் தாய்மாமன் பேரை விட்டவருக்கு இரண்டு. ஒரு கல்யாணத்தில் எங்கள் மேனேஜர் குடம் ஒன்றைப் பரிசளித்தார். அதில் மாப்பிள்ளையின் அப்பா பேர் வெட்டியிருந்தது. முன்னொரு விசேஷத்துக்கு அவரே மேனேஜருக்குக் கொடுத்த குடம். யாரும் கவனிக்கவில்லை. அண்ணாச்சி மேடையேறி வாசித்துக் காட்டினார். மேனேஜர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

நான் டிசைனராகச் சேர்ந்த மூன்றாவது வாரம் முதலாளியின் அம்மா தவறிவிட்டார். விருதுநகரில் இருந்த அவர் வீட்டுக்கு எல்லோரும் வேனில் போனோம். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் மூன்று பேர். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் பதற்றத்தில் முதலாளியைக் கும்பிட்டு, "போயிட்டு வாரேன் சார்" என்றேன்.

அங்கிருந்த அத்தனை தலைகளும் திரும்பின. முதலாளியின் சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். பக்கத்தில் அண்ணாச்சியின் விரல் மேலே போவதைப் பார்த்தேன். என் வேலை அத்தோடு போயிற்று என்று நினைத்தேன்.

விரல் பாதியில் நின்றது. அண்ணாச்சி என்னைத் தாண்டிப் போய் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் போயிட்டு வாரேன் முதலாளி. இன்னைக்குக் கூட்டமா இருக்கு. அடுத்த தடவ வரும்போது சாவகாசமா உக்காந்து பேசுவோம்."

சித்தப்பா அவரைக் கேட் வரைக்கும் விரட்டித் திட்டினார். என்னை எல்லோரும் மறந்தே போனார்கள்.

வேனில் அழுகையை அடக்க முடியாமல், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"என்னைய எல்லாருக்கும் தெரியும் தாயி. உன்னைய இனிமேத்தான தெரிஞ்சுக்கணும்" என்றார்.

அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அவரோடு முதலாளி நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அண்ணாச்சி நாரணாபுரத்தில் வீட்டோடு இருக்கிறார். பார்க்கப் போனால், கிளம்பும்போது வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்பேன். அவரிடம் அதைச் சொல்லிக்கொண்டு கிளம்ப, அவர் இன்னும் ரொம்ப காலம் இருக்க வேண்டும்.