ஒரே விரலில் எட்டு கோல்

விளையாட்டுப் பக்கத்தில் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பந்தை உதைத்ததே இல்லை. அந்தப் பாதியிலும் நான் கடைசி ஆள். மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தபோது, உலகக் கோப்பையில் ஆடியவர்களுக்கே 'பொறுப்பற்ற ஆட்டம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். (அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது என் அதிர்ஷ்டம்.)

என் கால்பந்து ஞானம் முழுவதும் அலுவலகக் கம்ப்யூட்டரில் கிடைத்தது. முன்பு டிவியில் செருகி ஆடிய பழைய கேம் ஒன்றை எமுலேட்டர் போட்டு அதில் ஓட்டுவோம். ஒரு பட்டனை அமுக்கினால் ஆட்டம் அந்த நொடியில் சேவ் ஆகிவிடும். இன்னொன்றை அமுக்கினால் அந்த நொடிக்கே திரும்பலாம். கோல் வாங்கினேனா, திரும்பிவிடுவேன். ஆறு மாதம் நான் தோற்கவே இல்லை. அது என் திறமை என்றே நம்பத் தொடங்கியிருந்தேன்.

தலைதீபாவளிக்குத் திருமங்கலம் போனேன். கல்லூரியில் படித்த மச்சினன் செந்தில் அதே கேமை வைத்திருந்தான்.

"அத்தான், ஒரு மேட்ச் போடுவமா?"

"எனக்குச் சமமா ஆட ஆள் கிடைக்காது செந்திலு." (ஆமாம், சொன்னேன்.)

'பேப்பர்காரனுக்கா பொண்ணு?' என்று கல்யாணத்துக்கு முன்பே முகம் சுளித்தவர் மாமனாரின் அண்ணன். மாமனார் அவருக்கே நாற்காலி இழுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணே. நம்ம மாப்பிள்ளைக்கு இதெல்லாம் அத்துப்படி."

ஐந்தாவது நிமிடத்தில் செந்தில் கோல் அடித்தான். மாமனார் அவன் காதருகே குனிந்து, எனக்கும் கேட்கும்படி ரகசியம் பேசினார்: "டேய், தலைதீபாவளி மாப்பிள்ளை மனசு கோணலாமா? விட்டுக்குடுறா."

செந்தில் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அதிரசம் தின்னத் தொடங்கினான். அதன் பிறகும் மூன்று முறை பந்தை எதிரணிக் கோல்கீப்பரின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதற்றத்தில் விரல் பழைய புத்தியைக் காட்டியது. திரும்பிப் போகும் பட்டனை அமுக்கிவிட்டேன். அன்று நான் எதையும் சேவ் செய்திருக்கவில்லை. அங்கே இருந்தது, செந்தில் எப்போதோ கம்ப்யூட்டரை வென்று பெருமைக்காக வைத்திருந்த ஆட்டம். ஒன்றுக்குப் பூஜ்யம் என்றிருந்த திரை, கண்ணிமைப்பதற்குள் ஒன்பதுக்குப் பூஜ்யம் ஆனது.

"என்னடா இது, ஒரே மூச்சுல எட்டு கோலா?" என்றார் மாமனாரின் அண்ணன்.

செந்தில் கையிலிருந்த அதிரசத்தைச் சாட்சியாகத் தூக்கிக் காட்டினான். "நான் தொடவே இல்ல பெரியப்பா. அத்தான் தோக்குற ஆட்டத்த அழிக்கப் பாத்தாரு. என் பழைய மேட்ச்சு வந்துருச்சு."

"தோத்தா அழிச்சிரலாமா? அப்ப பேப்பர்லயும் இப்பிடித்தேன் எழுதுவாப்லயோ?"

மாமனார் அண்ணனுக்கும் மகனுக்கும் மாப்பிள்ளைக்கும் பொதுவாகச் சுவரைப் பார்த்து, "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடலாம்" என்றார். அப்போது காலை பத்தே கால். இட்லி சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுபடியும் சாப்பிட்டேன்.

இன்றும் வீட்டில் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லிவிட்டு, 'நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை' என்று நான் இழுத்தால், என் மனைவி சண்டை போடுவதில்லை. "ஒன்பதுக்குப் பூஜ்யம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள்.