ஒருமைப் புகை

எங்கள் ஊர் வாகனப் பரிசோதனை அலுவலகம் நேர்மைக்குப் பேர்போனது. அங்கே இருக்கும் புகைமானி யார் முகத்தையும் பார்க்காது. புகைக்குழாயை மட்டும்தான் பார்க்கும்.

அந்த நேர்மையில் போய் மாட்டிக்கொண்டார் செங்கல் ஏற்றும் லாரிக்காரர் ஒருவர். டர்போ வைத்த அவருடைய பழைய எஞ்சின் விட்ட புகையில் அலுவலகச் சுவரே கறுத்துப்போயிற்று. தகுதிச் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். லாரி வீட்டு வாசலில் நின்றது. உள்ளே உலை ஏறுவது சந்தேகமாகிவிட்டது.

"எஞ்சினைப் பிரிச்சாகணும். டர்போவே எண்ணெய் குடிக்குது," என்றார் மெக்கானிக்.

"அதெல்லாம் உள்ள கெடக்கிற சமாச்சாரம். யார் பாக்கப் போறாங்க?" என்றான் லாரிக்காரரின் மச்சினன். அவனுக்கு வேலை எதுவும் கிடையாது. அதனால் நாகரிகம் எல்லாம் அத்துப்படி. "இப்ப பெரிய வண்டின்னா ரெட்டைக் குழாய்தான் மாமா. கேபினுக்கு ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி நிமிர்ந்து நிக்கணும். எஞ்சின் தாராளமா மூச்சு விடும். புகைங்கிற பேச்சே இருக்காது."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். டர்போவிலிருந்து புகை வெளியே வருகிற வழி ஒன்றுதான். அதைக் கவட்டை மாதிரிப் பிரித்து, கிளைக்கொரு சைலன்சர் மாட்டி, பளபளவென்று இரண்டு குழாய்களை மேலே தூக்கி நிறுத்தலாம். ஆனால் வருகிற புகை வந்துகொண்டுதான் இருக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தவருக்கு, எஞ்சினைப் பிரிப்பதைவிடக் குழாயைப் பற்றவைக்கும் வேலை சுலபம் என்பது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

மறுபடி பரிசோதனை. அதிகாரி புகைமானியை வலது குழாயில் செருகினார். முள் பழைய அளவில் பாதியோடு நின்றது.

"பாஸ்!"

லாரிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "சார், அந்தப் பக்கக் குழாயிலயும் வருதே?"

மச்சினன் அவர் காலை ஓங்கி மிதித்தான்.

"விதியில 'குழாய்'னு ஒருமையிலதான் போட்டிருக்கு," என்றார் அதிகாரி. "பன்மையைப் பாக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப அந்தப் புகை?"

"அது அதோட சொந்த விஷயம்."

ஆனால் அதிகாரி அத்தோடு விடவில்லை. ஒரு குழாயைச் சேர்த்தால் புகை பாதியாகிறது என்ற பேருண்மையை மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் மெய்சிலிர்த்தது. பொதுமக்களின் சுவாச நலனை முன்னிட்டு எல்லா லாரிகளும் இரட்டைக் குழாய் பொருத்துவது இதனால் கட்டாயமாக்கப்படுகிறது என்று ஆணை பிறந்தது.

நாங்களா சளைத்தவர்கள்? பஸ்காரர்கள் நாலு குழாய் வைத்தார்கள். ஸ்கூட்டருக்கும் இரண்டு முளைத்தது. ஒற்றைக் குழாய் வண்டியில் வந்த மாப்பிள்ளையைப் பெண் வீட்டார் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். மெக்கானிக் எஞ்சின் வேலையை அடியோடு விட்டுவிட்டுக் குழாய்க்கடை திறந்தார். புகைமானி காட்டும் அளவு நாளுக்கு நாள் இறங்கியது. பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்ட முடிந்தது.

துறையின் சாதனையைக் கொண்டாட விழா எடுத்தார்கள். அதிகாரிக்குப் பதவி உயர்வு. லாரிக்காரருக்கு 'தூய காற்றின் முன்னோடி' என்று கேடயம். அவர் கேடயத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றபோது, முன் வரிசையில் இருமிக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்துவிட்டார். அந்த அம்மாள் ராத்திரி படுத்துத் தூங்கிப் பல வாரம் ஆகியிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வரும்.

"ஒவ்வொரு குழாயும் பாதிதான் விடுதுன்னா, எனக்கு மட்டும் ஏன் சார் மூச்சு முட்டுது?"

மேடையில் லாரிக்காரரின் பல் மறைந்தது. அதிகாரி பதறவில்லை.

"அம்மா, உங்க மூக்குக்கு எத்தனை ஓட்டை?"

"ரெண்டு."

"அப்ப ஒவ்வொண்ணுலயும் அந்தப் பாதியில பாதிதானே போகுது? இதுக்கா எந்திரிச்சீங்க? உக்காருங்க."

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் கேடயத்தைப் பார்த்தார்.

கூட்டத்தில் இருந்த நாங்கள் அவரவர் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டோம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இருமி முடிக்க வேண்டியிருந்ததால் கைதட்டத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.