இருபத்தேழு இஞ்ச் வண்டி

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணங்கி எழுதுவது. தங்கை நலம், மருமகள் நலம், என் தையல் மெஷினும் நலம். எனக்குத்தான் நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். என் மகளுக்கு ஸ்போர்ட்ஸ் பைக் வேண்டுமாம். எங்கள் குடும்பத்து உயரம் உங்களுக்குத் தெரியும். முன்னால் உட்கார்ந்தால் கால் எட்டாது என்று கல்யாணமான நாளிலிருந்து உங்கள் வண்டியின் பின்சீட்டிலேயே காலம் தள்ளியவன் நான். அந்தத் தைரியத்தில், "ரெண்டு பாதமும் முழுசா தரையில பதிஞ்சா வாங்கித் தர்றேன்" என்று வாய்விட்டுவிட்டேன். தொழில் புத்தி விடுமா, நாடாவை எடுத்து அவள் உள்கால் அளவு, அதாவது கவட்டிலிருந்து குதிகால் வரை, பார்த்தேன்: இருபத்தேழு இஞ்ச். கடை கடையாக ஏறினோம், எல்லா சீட்டும் தரையிலிருந்து முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. ஒன்றில் நுனிவிரல் பட்டது. இன்னொன்றில் சீட் அகலமாக இருந்து தொடையைப் பரப்பியதில் அதுவும் போயிற்று. "சஸ்பென்ஷனை இறக்கிக்கலாம் சார், ஒரு கால் ஊனினா போதும்" என்றார் ஒரு விற்பனையாளர். நான் முறைத்த முறைப்பில் மனிதர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி.

கடைசியில் ஒரு மெக்கானிக் ஷெட், பழைய டயர்களுக்குப் பின்னால் ஒரு கறுப்பு வண்டி. யார் விட்டுப்போனது என்று மெக்கானிக்குக்கே ஞாபகமில்லை. நாடா வைத்தேன்: முப்பத்திரண்டு. நிம்மதியாக "ஏறிப் பாரும்மா" என்றேன். நுனிவிரல் பட்டது. மறுநாள் போனால் பாதத்தின் முன்பாதி பட்டது. மூன்றாம் நாள் குதிகாலுக்கு ஒரு இஞ்ச்தான் பாக்கி. நான்காம் நாள் இரண்டு பாதமும் சப்பென்று பதிந்தன. நாடா வைத்தேன்: இருபத்தேழு. "நான் கையே வைக்கல சார், காத்துகூட இறங்கல" என்றார் மெக்கானிக். ஆறடி மனிதர், அவரை ஏறச் சொன்னேன். அவர் இறங்கியதும் அளந்தால் முப்பத்து நான்கு! வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மச்சான், முப்பது வருடமாக அளவெடுப்பவன் நான். இது நாடாவே இல்லாமல் என்னைவிடத் துல்லியமாக எடுக்கிறது. அளவெடுப்பவன் எதையோ தைக்கத்தானே எடுப்பான்? என் பெண்ணுக்கு இது எதைத் தைக்கப்போகிறது? எனக்குப் பயமாக இருக்கிறது. அவளோ, "சொன்ன சொல்லு என்னாச்சுப்பா?" என்று நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்போகிறாளாம். பஸ்ஸில் ஐந்து மணி நேரமாயிற்றே என்று பார்க்காமல் வந்து, கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தாய்மாமன் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்தக் குறையுமின்றி, நல்ல உயரமாக வளர ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் குட்டை மாப்பிள்ளை

பின்குறிப்பு: வரவேண்டாம் மச்சான். இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பியவன், அளவு பார்க்கத்தான், அந்த வண்டியில் ஒரே ஒரு தடவை ஏறினேன். என் உள்கால் இருபத்தைந்து. ஐம்பத்தாறு வயதில் முதல் முறையாக இரண்டு பாதமும் தரையில் பதிந்தன, அழுகையே வந்துவிட்டது. சாவி மகளின் பையில் இருக்கிறது, அவள் வேலைக்குப் போயிருக்கிறாள். எனக்கு ஓட்டவும் தெரியாது. ஆனால் இதை உங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால், டேங்க் மேல் தாளை வைத்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் கேட்டுக்கு மேலாக உள்ளே எறிகிறேன், கொஞ்சம் வெளியே வாருங்கள். நானே வந்து கதவைத் தட்டலாம் என்றால், இறக்கிவிட மாட்டேன் என்கிறது. பின்சீட் இப்போதுதான் உங்கள் அளவுக்கு உயர்ந்து நின்றது.